பிரேக் ஆயிலுக்கும் காலாவதி உண்டு

ராஜபாளையத்து மாங்காயும் தேங்காயும் ஏத்திக்கிட்டு செங்கோட்டை வழியா கேரளாவுக்குப் போகிற பிக்கப் வண்டிகளை நம்ம பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். புளியரை எஸ் வளைவில் ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை என்றால், ஆரியங்காவு தாண்டி தென்மலைக்கு இறங்குவது பிரேக்குக்குச் சோதனை.

பிரேக் ஆயில்னு நாம சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது. கிளைக்கால் வகைத் திரவம். திறந்து வைத்த உப்பு மாதிரி, காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். புது 'டாட் 3' திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் 4 சதவீதத்தை நெருங்கினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். 'டாட் 4' என்றால் 230, 155. இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் சூடேறி உள்ளே நீராவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கிப் போகும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் மெத்துனு தரை வரை இறங்கும். பின்னாடி ஒன்றரை டன் லோடு தள்ளிக்கிட்டு இருக்கும்.

"வண்டி ஓடினதே 8,000 கிலோமீட்டர்தான் சார், அதுக்குள்ள எதுக்கு மாத்தணும்?" இதுதான் நம்ம ஆட்கள் கேட்கிற கேள்வி. ஓடாமல் தோப்பில் நிற்கிற வண்டியிலும் ஈரம் சேரும். கடன் தவணையைத் தேதி தவறாமல் கட்டுகிற விவசாயிகூட இந்தத் தேதியை மறந்துடுறார். புது மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எடுக்கிறோம் இல்லையா, அப்பவே பிரேக் ஆயிலையும் முழுசா மாத்தி, ஏர் எடுத்துவிடச் சொல்லுங்க. எந்த டாட் என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். பட்டறையில் எப்பவோ திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். சீல் உடைக்காததை நீங்களே வாங்கிட்டுப் போங்க. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றவே கூடாது, ரப்பர் எல்லாம் உப்பிப்போகும்.

டப்பாவில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பிட்டுப் போயிடாதீங்க. லைனிங் தேய்ந்திருக்கும், இல்லைன்னா எங்கேயோ கசியும். சில வண்டிகளில் கிளட்சுக்கும் இதே திரவம்தான்.

ஏறின கியரிலேயே இறங்கணும்னு பழைய டிரைவர்கள் சொல்வாங்க. அப்படி இறங்க கியர் பாக்ஸ் நல்லா இருக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில் பக்கத்துத் தோப்புகளுக்கு ஐப்பசி கார்த்திகையில் ஓடைத் தண்ணீரில் இறங்கிப் போகிற வண்டிகளில், மூச்சுக்குழாய் வழியா கியர் பாக்ஸிலும் கிரவுனிலும் தண்ணீர் போயிடும். மழைக்காலம் முடிந்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நெட்டைக் கழற்றிப் பாருங்க. ஆயில் பால்கோவா நிறத்தில் இருந்தால் உடனே மாத்தணும். (பால்கோவா ஊர்க்காரனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.) இரண்டுக்கும் ஒரே ஆயில்னு பட்டறையில் சொன்னால் கையேட்டைக் காட்டுங்க. கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 கேட்கிற வண்டியில் கிரவுனுக்கான ஜி.எல். 5 ஊற்றினால், உள்ளே இருக்கிற பித்தளை வளையங்கள் கெட வாய்ப்பு உண்டு.

வடித்த ஆயிலைக் கரையானுக்குன்னு வேலிக் கம்பிலும் தென்னை அடியிலும் ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகலை. மண்புழுவுக்காக மூடாக்கு போடுகிற நாம அதே மண்ணில் இதை ஊற்றலாமா? கழிவு ஆயில் 2016ஆம் வருஷ விதிகளின்படி அபாயக் கழிவு. கேனில் பிடித்து, பிரேக் திரவத்தைத் தனியா வைத்து, அனுமதி பெற்ற ஆட்களுக்குக் கொடுக்கிற பட்டறையாகப் பார்த்து அங்கேயே விட்டுட்டு வாங்க.