மத்தளம் சோறு போடுமா?

அந்தி சாய்கிறது. பால்வெட்டோ, செம்பனைக் குலை வெட்டோ, தொழிற்சாலை வேலையோ முடிந்து, குளித்துவிட்டு வாசலில் வந்து உட்காருகிறீர்கள். உள்ளே தடதடவென்று ஓர் ஓசை. எட்டிப் பார்த்தால், உங்கள் மகன் கவிழ்த்துப் போட்ட வாளியில் இரு கைகளாலும் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறான். பள்ளிப் பையை இன்னும் திறக்கவே இல்லை.

"என்னங்க, இவனுக்குக் கை சும்மாவே இருக்க மாட்டேங்குது. திருவிழாவிலேயும் மேளக்காரர் பக்கத்தைவிட்டு நகரலே. முறையா மிருதங்கம் கத்துக்கொடுத்தா என்ன?" என்று கேட்கிறார் உங்கள் மனைவி.

"மத்தளம் சோறு போடுமா? போய்ப் படிக்கச் சொல்லு!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் கேள்வியில் தவறில்லை. வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பன், அவன் நாளை எப்படிப் பிழைப்பான் என்று கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் கேள்வி கேட்டவர் பதிலையும் கொஞ்சம் காதில் வாங்க வேண்டாமா?

மத்தளம் சோறு போடும். ஆனால், மேடையை மட்டும் நம்பினால் அரை வயிறுதான். தாளக் கலைஞனின் பிழைப்பு ஒரு முக்காலி. மேடை ஒரு கால். மாணவர் ஒரு கால். சொந்தப் படைப்பு ஒரு கால். மூன்றும் இருந்தால்தான் அது ஆடாமல் நிற்கும். பேர் பெற்ற வித்துவான்களின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி.

மேடை தரும் கூலி

தமிழ்நாட்டுத் தவில்காரரைப் பாருங்கள். வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழியைப் பிடித்து, பலாமரத்தில் குடைந்த அந்தக் கனத்த வாத்தியத்தைத் தோளில் தொங்கவிட்டு, நின்றபடியும் நடந்தபடியும் மணிக்கணக்கில் வாசிக்கிறார். முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஓய்வே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கல்யாண வருமானமும் இல்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்பதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிருதங்கக்காரருக்கு வேறொரு தொல்லை. அவருக்குப் 'பக்கவாத்தியம்' என்று பெயர். கச்சேரி பாடகருடையது. தனி ஆவர்த்தனம் என்று அவருக்காக ஒதுக்கும் சில நிமிடங்களில்தான் அவர் தம் முழுத் திறமையையும் காட்டலாம். அப்போது பார்த்துச் சபையில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போவார்கள்! மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது பழமொழி. அதை வாசிப்பவருக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). பாட்டின் கருத்தையும் நடையையும் அறிந்து, எங்கே வாசிப்பது, எங்கே கையை நிறுத்துவது என்று கணக்காக வாசித்தவர். சென்னை மியூசிக் அகாடமியின் உயர்ந்த விருதான 'சங்கீத கலாநிதி' 1966-இல் அவருக்கு வழங்கப்பட்டது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. 1971-இல் பத்மபூஷண் விருதும் வந்தது. அத்தனை புகழ் பெற்றவரும் பின்னாளில் ஆந்திராவில் உள்ள ரிஷி வேலிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இடக்கைப் பிள்ளையின் வெற்றி

மணி ஐயர் காலத்திலேயே அவருக்கு இணையாகப் பேசப்பட்டவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவருக்கு இடக்கைப் பழக்கம். மேடையில் மிருதங்கக்காரர் உட்காரும் பக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இடக்கைக்காரர் வந்தால் அந்த வரிசையையே மாற்ற வேண்டும். அதற்கு எல்லாரும் இசையவில்லை; அதனால் அவருக்கு வாய்ப்புகள் கைநழுவின. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருடைய திறமையை மதித்து, மேடையில் இடம் தந்து ஆதரித்தார். பிறகு பழனியின் வாசிப்பு ஒரு தனிப் பாணியாகவே நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டில் இடக்கைப் பிள்ளை இருந்தால் கையை மாற்றச் சொல்லி அதட்டாதீர்கள். நல்ல ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஒரே வீடு, மூன்று தலைமுறை

சென்னை திருவல்லிக்கேணியில் 'ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா' என்ற பள்ளியை நடத்தியவர் ஹரிஹர சர்மா. ஊர் உலகத்துக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவர் மகன் பெயரைச் சொன்னால் தெரியும். கடம் வாசிக்கும் விக்கு விநாயக்ராம்தான் அந்த மகன்.

கடம் என்றால் மண்பானை. மானாமதுரைக் குயவர்கள் தட்டித் தட்டி உருவாக்கும் பானை. கச்சேரியில் மிருதங்கத்துக்கும் அடுத்தபடியில் வைக்கப்பட்ட வாத்தியம். அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு விநாயக்ராம் உலகையே சுற்றி வந்தார். 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர். 1970-களில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தார். 'பிளானட் டிரம்' என்ற தாள இசைத்தட்டு 1992-இல் கிராமி விருது பெற்றபோது, அந்தக் குழுவிலும் அவர் இருந்தார். 2014-இல் பத்மபூஷண் விருது பெற்றார். மேடையோடு நில்லாமல் தந்தையின் பள்ளியிலும் வெளிநாட்டிலும் கற்றுக்கொடுத்தார்.

அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிப்பவர். மேடையோடு திரைப்படத்துக்கும் இசையமைத்தார். 2009-இல் வெளிவந்த 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தின் இசை அவருடையது. 2024-இல் 'சக்தி' குழுவின் இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றபோது, குழுவில் ஒருவராக இருந்தவர் அவர். பாட்டனார் ஆசிரியர், மகன் மேடைக் கலைஞர், பேரன் இசையமைப்பாளர். முக்காலியின் மூன்று கால்களும் ஒரே வீட்டில் இருப்பதைப் பாருங்கள்.

பெண் பிள்ளையின் கை நோகுமா?

"ஆண் பிள்ளை சரி, பெண் பிள்ளைக்கு எதற்கு மேளம்?" என்று கேட்பவரும் உண்டு. அவர்களுக்குச் சுகன்யா ராம்கோபாலைப் பற்றிச் சொல்கிறேன்.

மயிலாடுதுறையில் பிறந்த அவர், ஹரிஹர சர்மாவின் பள்ளிக்கு வயலின் கற்கத்தான் போனார். பக்கத்து அறையில் கேட்ட தாளம் அவரை இழுத்தது. மிருதங்கம் கற்றார், பிறகு கடத்தின் மேல் ஆசை வந்தது. கெட்டியான மண்பானை, பெண்ணின் விரல் தாங்குமா என்று முதலில் தயங்கினார் விநாயக்ராம். "நான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்று பொறுப்பேற்றார் ஹரிஹர சர்மா. விரல் தாங்கியது. ஆனால் மேடையில் வேறு வலி காத்திருந்தது. பெண் கடம் வாசித்தால் தாங்கள் உடன் வாசிக்க மாட்டோம் என்று சொன்ன கலைஞர்கள் இருந்தார்கள்.

சுகன்யா என்ன செய்தார் தெரியுமா? பல சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் 'கட தரங்கம்' என்ற முறையை உருவாக்கினார். 1995-இல் பெண்களை மட்டும் கொண்ட 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற தாளவாத்தியக் குழுவைத் தொடங்கினார். தம் குருவின் பாணியை விளக்கிப் புத்தகமும் எழுதினார். பிறர் மேடை தர மறுத்தபோது தமக்கென்று ஒரு மேடையையே கட்டிக்கொண்டார். 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது அவரைத் தேடி வந்தது.

கனடாவுக்குப் போன மிருதங்கம்

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன். 1971-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகருக்குச் சென்று, யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசையைக் கற்பிக்கத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பேராசிரியர். மிருதங்கத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு வாயால் சொற்கட்டு சொல்லவைத்துப் பாடம் நடத்தினார். பாட நூல்கள் எழுதினார். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் கமேலான் இசையோடு மிருதங்கத்தைச் சேர்த்துப் புதிய படைப்புகளும் செய்தார். இத்தனைக்கும் நடுவில் சென்னை மேடையை அவர் விடவில்லை. 2011-இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார்.

தாளத்தில் படைப்பு என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா? இன்றிரவே பிள்ளையோடு இதைச் செய்து பாருங்கள். ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 32. எட்டு மாத்திரையில் ஒரு சொற்கட்டு. பிறகு நான்கு மாத்திரை மௌனம். மறுபடி அதே எட்டு. மறுபடி நான்கு மௌனம். மூன்றாவது முறையும் அதே எட்டு. கூட்டுங்கள்: 8, 4, 8, 4, 8. சரியாக 32! சொல் முடிய, தாளத்தின் தொடக்க அடி வந்து விழும். இது எளிய கணக்கு. வித்துவான்கள் இதைவிடச் சிக்கலான கணக்குகளைப் போட்டுக் கோர்வை அமைக்கிறார்கள். தாளம் தட்டும் பிள்ளை கணக்கில் பின்தங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் நாட்டில் வழி உண்டா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மேளம் வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்கள் ஒப்பந்தத்தில் வந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் கற்றிருந்தால் அந்த இடங்களில் அவர்களும் உட்காரலாம் அல்லவா? பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால் மிருதங்கம் இல்லாமல் நடக்காது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் தொடங்கியது. கோலாலம்பூரில் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' 1981-இல் பிறந்தது. இத்தகைய இடங்களில் படித்தவர்களே பிறகு ஆசிரியர்களாகவும் ஆகிறார்கள்.

தைப்பூசத்தில் காவடிக்கு முன்னே முழங்கும் உறுமி மேளத்தை மறக்க முடியுமா? நம் இளைஞர்கள் தாமாகவே கற்று வளர்த்த கலை அது. அதைக் கற்ற கைக்கு முறையான தாளக் கல்வியும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று தோட்டத்தில் தப்படித்தவர் இல்லாமல் திருவிழாவும் இல்லை, இழவும் இல்லை. ஆனால் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லச் சிலருக்கு மனம் வரவில்லை. சாதி பார்த்துக் கலையை அளந்த காலம் அது. "மேளமா? வேண்டாம்" என்று நாம் இன்று சொல்லும்போது, அந்தப் பழைய முகச்சுளிப்பு அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மதுரை வட்டாரத்துப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டாமா?

பெற்றோர் கவனத்துக்கு

முதலில் வாத்தியம் வாங்க ஓடாதீர்கள். சில மாதங்கள் கையால் தாளம் போட்டு, வாயால் 'த தி தொம் நம்' என்று சொல்லப் பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் பிறகு வாங்கலாம்.

வாங்கிய விலையோடு செலவு முடியாது. நம் நாட்டு ஈரக்காற்றில் தோல் தளரும். வார் பிடிக்கவும் தோல் மாற்றவும் பணம் எடுத்துவைக்க வேண்டும். பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதையும் வாங்குமுன் விசாரியுங்கள்.

பள்ளிப் படிப்பை நிறுத்தாதீர்கள். மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். ரங்கூனில் பிறந்த பாலக்காடு ரகு கணிதப் பட்டதாரி. படிப்பு அவர்கள் கையைக் கட்டிப்போடவில்லை.

தொழிலாகக் கொள்ள நினைத்தாலும், தொடக்க ஆண்டுகளில் கையில் வேறொரு வேலை இருக்கட்டும். கச்சேரிக்குக் கூப்பிட்டால் எத்தனை வெள்ளி, எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கச் சொல்லிக்கொடுங்கள். "நம்ம பிள்ளைதானே" என்று சொல்லி மாலையைப் போட்டு அனுப்பும் ஊர் இது! அவன் ஓரளவு தேறியதும், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். முக்காலியின் இரண்டாவது கால் அங்கேதான் முளைக்கும்.

வாசகர்களே, வாளியில் தாளம் தட்டும் பிள்ளைகள் எல்லாரும் மணி ஐயராகிவிட மாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கையில் ஏதோ இருக்கிறதா இல்லையா என்று ஒரு நல்ல ஆசிரியரிடம் காட்டிக் கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது. நாளை அந்தியில் மறுபடி அந்த ஓசை கேட்டால், அதட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் தாளம் தப்பாமல் தட்டுகிறானா என்று பாருங்கள். தப்பவில்லையென்றால், மனைவியைக் கூப்பிட்டு, "நீ சொன்னதை யோசிச்சேன்" என்று பேச்சைத் தொடங்குங்கள்.