பூட்டைத் தொடாமல் திறந்த பெட்டி

கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டில் ஒரு பழைய இரும்புப் பெட்டி உண்டு. தாத்தா ரஜூலா கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது. சாவி தொலைந்து பல காலமாயிற்று. இந்நாட்டிலேயே பிறந்தும் பாட்டி இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருக்கிறார். அவருடைய பிறப்புப் பத்திரம் அதற்குள் இருக்கலாம்.

அப்பா சுத்தியலை எடுத்தார். நான் தடுத்தேன். தொங்கியது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில், உடைக்க மனம் வருமா? பெட்டியைத் திருப்பினேன். பூட்டு காப்பது முன்பக்கத்தை மட்டுமே. பின்னால் கீல்களின் கம்பி வெளியே தெரிந்தது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஆணியை வைத்து மெல்லத் தட்டினேன். இரண்டும் கழன்றன. மூடி பின்புறமாகத் திறந்தது.

வேட்டி, பால் வெட்டும் கத்தி, அடியில் நான்காக மடித்த பத்திரம். திங்கட்கிழமை பாட்டியோடு பதிவிலாகாவுக்குப் போகிறோம். பூட்டு இன்னும் பூட்டியபடியே தொங்குகிறது.