மைதானம் வாங்கியாச்சு, ஆட்டம் எங்கே?

"அண்ணே, காசு கட்டி வாங்கினேன், திறக்கவே மாட்டேங்குது." போன வாரமும் ஒரு பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். அவன் வாங்கியது கணினி கோல்ஃப் விளையாட்டுக்கான கூடுதல் மைதானத் தொகுப்பு. மூல விளையாட்டு எபிக் இணையக் கடையில் வாங்கியது, தொகுப்போ ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில். இரண்டும் ஒட்டாது. ஸ்டீமில் விலைப் பட்டனுக்கு மேலேயே, மூல விளையாட்டும் ஸ்டீமிலேயே இருக்க வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

இந்த வியாபாரம் பழசு. 1990-இல் வந்த 'லிங்க்ஸ்' கோல்ஃப் விளையாட்டுக்கே பைன்ஹர்ஸ்ட், ஃபயர்ஸ்டோன் மைதானங்களைத் தனி வட்டுகளாக விற்றார்கள். அந்த வட்டையாவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். இன்று உங்களுக்குக் கிடைப்பது உங்கள் கணக்கோடு பிணைத்த உரிமம் மட்டும். கலிஃபோர்னியாவில் இதை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2025 முதல் சட்டமே இருக்கிறது.

சரி, பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி? ஸ்டீமில் கூடுதல் தொகுப்புக்குக் கெடு, வாங்கியதிலிருந்து 14 நாள். தொகுப்பை வாங்கிய பிறகு மூல விளையாட்டு 2 மணி நேரத்துக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். 'ஓடியது' என்றால் நீங்கள் பந்தை அடித்த நேரம் என்று நினைக்காதீர்கள். மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். பிடிக்கவில்லையா, முதலில் விளையாட்டை மூடுங்கள்.

பிறகு ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் 'பர்ச்சேஸ்' பகுதிக்குப் போய், அந்தத் தொகுப்பைத் தொட்டு, ரீஃபண்ட் கேளுங்கள். மூல விளையாட்டைத் தொட்டுவிடாதீர்கள். பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும். ஒப்புதல் வந்தால் ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும். திரும்பத் தரமாட்டோம் என்று முன்கூட்டியே குறித்து விற்கும் சில தொகுப்புகளுக்கு இது செல்லாது.

பையனுக்கு அன்று 11-ஆம் நாள். தப்பித்தான். இன்னொருவர் கோபத்தில் நேராக வங்கிக்குப் போய்ப் பரிவர்த்தனையை மறுத்தார். ஸ்டீம் கணக்கே முடங்கியது, வைத்திருந்த விளையாட்டுகளும் சேர்த்து. வங்கிக்கு முதலில் ஓடாதீர்கள்.

டெலிகிராமில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'கீ'க்கு, அதாவது விளையாட்டைத் திறக்கும் குறியீட்டுக்கு, ஸ்டீம் பணம் தராது. தராது என்றால் தராது. ஏமாந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடல் ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும். "கேமுக்கெல்லாம் கம்ப்ளெயின்டா?" என்று காவல் நிலையத்தில் ஒருவர் சிரிக்கக்கூடும். போனது பணம், சிரிப்பில்லை. புகார் எண் வாங்காமல் நகராதீர்கள்.

முறையாக விற்ற கடையே இழுத்தடித்தால், இந்தியாவின் 2020 மின்வணிக விதிப்படி அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இங்கே தொடர்ந்து விற்பவருக்கும் இது பொருந்தும். அதிலும் நடக்காவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது ரசீதைத்தான். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.