தீயணைப்பு வண்டி வரும் வரை...

(நமது கொச்சி நிருபர்)

ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை எனக்கு. மோட்டார் சைக்கிளை ஊருக்கு அனுப்ப வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா?" என்பதுதான். "அடியில் கொஞ்சம்தான் சார்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தையும் வடித்துவிட்டு வரச் சொல்வோம். சிலர் முணுமுணுப்பார்கள். சிலர் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டு 26ஆம் தேதி அதிகாலையில் மதுரை நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரே காரணம். வடக்கேயிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் மாண்டு போனார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டு போனால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் கூறுவது சும்மா இல்லை.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்கிறவனின் வீட்டு லட்சணம் ஒரு நாள் மாலையில் வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரு தீக்குச்சி தூரம்

கொச்சங்காடியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. விளக்கு வைக்கும் நேரம். அம்மா குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். மூக்கு அவ்வளவாக மணம் பிடிப்பதில்லை. அப்போது எதிர்வீட்டு உம்மா வாசலில் நின்று, "கேஸ் மணக்குந்நு! தீ கத்திக்கல்லே!" என்று போட்ட சத்தம் சந்து முழுவதும் கேட்டது. அம்மாவின் கை அப்படியே நின்றது.

மாடியிலிருந்து ஓடி வந்த என் மனைவி ரெகுலேட்டரை மூடினாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அம்மாவைத் தெருவுக்கு அழைத்து வந்தாள். நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். முடி அளவு வெடிப்பு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய குழாய் அது. தயாரித்த ஆண்டு அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. மாற்றும் காலம் கடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இதே குழாய் ஒரு பார்சலாக என் கவுண்டருக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டு அடுக்களையில் மூன்று வருஷம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வண்டி வரும், வாசலுக்கு வராது

மட்டாஞ்சேரியில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. 101 என்ற எண்ணுக்கோ 112க்கோ போன் செய்தால் வண்டி புறப்பட்டுவிடும். ஆனால் எங்கள் சந்துகளின் அகலம் வாசகர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், கடைக்காரர் இழுத்துவிட்ட தார்ப்பாய், சாக்கு மூட்டைகள். பெரிய வண்டி தெருமுனையில்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். ஆக, முதல் சில நிமிடங்களுக்குத் தீயணைப்புப் படை என்பது வீட்டுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். இதை உணர்ந்துகொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

இந்த ஊருக்குத் தீ புதிதல்ல. 1889 ஜனவரி 4ஆம் தேதி 'சந்திரபானு' என்ற கப்பலில் பற்றிய தீ கல்வத்திக் கரைக்குத் தாவியது. சுமார் 300 வீடுகளும் வியாபாரக் கம்பெனிகளின் கிடங்குகளும் சாம்பலாயின. எரியும் கப்பலின் கயிற்றை அறுத்துவிட்டதால் அது மிதந்து போய்க் கரையோரமெல்லாம் தீ வைத்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வதுண்டு. அதன் நினைவுத் தூண் ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது. 'நம் பக்கம் வராமல் இருந்தால் போதும்' என்று தள்ளிவிடும் தீ எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தக் கதையே போதும்.

அடுக்களையில்

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். ஆகவே தாழ்வான இடத்தில் தங்காமல் அது வெளியேறக் கதவுகளை அகலத் திறக்க வேண்டும். மணம் வந்ததும் விளக்கு, மின்விசிறி ஸ்விட்சுகளைத் தொடவே கூடாது. போடவும் கூடாது, எரிகிறதை அணைக்கவும் கூடாது. ஸ்விட்சில் தோன்றும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து, அதன் பிறகு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருக்கிறது.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து, தட்டு ஒன்றால் வாணலியை மூடிவிடுங்கள். காற்றில்லாமல் தீ தானே அடங்கும். சூடு ஆறும் வரை தட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.

சேலையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். தரையில் படுத்துப் புரள வேண்டும். தீக்காயத்தின் மேல் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

மின்சாரமும் தொழிலும்

ஃப்யூஸ் போனால் கிடைத்த தடிக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஃப்யூஸ் கம்பி உருகுவதே நம்மைக் காப்பாற்றத்தான். அது உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். மின் தீயில் மெயினை அணைக்காமல் தண்ணீர் விடக் கூடாது. பாட்டரி ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் இரவு முழுவதும் சார்ஜ் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்க வழியிராது.

பாண்டிகசாலை என்று இங்கே சொல்லும் கிடங்குகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். ஈரம் சரியாக உலராத கொப்பரையை அடுக்கி வைத்தால், யாரும் தீ வைக்காமலேயே உள்ளுக்குள் சூடேறும். எண்ணெய் துடைத்த துணிக் குவியலும் அப்படியே. அடுக்குகளுக்கு நடுவே காற்றுக்கு இடமும் ஆள் நடக்க வழியும் விட வேண்டும். எதோடு எதை வைப்பது என்பதும் முக்கியம். 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் சேர்ந்தே இருந்தன. பல நூறு பேர் இறந்தார்கள். தீயை அணைக்கப் போன வீரர்களும் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் அந்தத் தேதி முதல் தீயணைப்பு வாரம் அனுசரிக்கப்படுகிறது.

சலவைத் தொழில் செய்யும் நம்மவர்கள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கொட்டும் சிரட்டைக் கரியை, சாம்பல்தானே என்று குப்பைக் கூடையில் போடக் கூடாது. உள்ளே கனல் இருக்கும். தண்ணீர் தெளித்து, கிளறிப் பார்த்துவிட்டே கொட்ட வேண்டும். கடைகளில் மாட்டியிருக்கும் தீயணைப்பான் அலங்காரப் பொருள் அல்ல. அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னைப் பிடுங்கி, சுடரின் நுனியில் அல்ல, அடியில் அடிக்க வேண்டும் என்பது வேலையாட்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையளவுத் தீக்குத்தான் அது. தீ ஆளுயரம் வந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவதே வேலை. புகை மேலே நிற்கும். குனிந்து, தவழ்ந்து வெளியேற வேண்டும்.

வழி இருக்கட்டும்

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த குழந்தைகள் தப்பி வர வழி போதவில்லை. அடைத்துக் கிடக்கும் ஒவ்வொரு மாடிப்படியைப் பார்க்கும்போதும் அந்தக் குழந்தைகளை நினைக்க வேண்டும்.

எங்கள் சந்தில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். இரவில் ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கும். யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்குக் காசு செலவில்லை. முதலில் சம்மதித்தவர் எதிர்வீட்டு உம்மாதான்.

புதுக் குழாய் போட்டாகிவிட்டது. அடுத்து மாற்ற வேண்டிய வருஷத்தை அடுக்களைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்கள் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்ததும் எழுந்து போய்த் தங்கள் வீட்டுக் குழாயில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது போல எல்லோருக்கும் ஒரு எதிர்வீடு வாய்க்கும் என்று சொல்ல முடியாது.