வைத்தியரை யார் பார்ப்பது?

ஒரே எண்ணம் மனிதனை ஆளத் தொடங்கினால் அவன் என்ன ஆவான்? மருத்துவமனையைக் களமாகக் கொண்டு இதனைக் காட்டிய படைப்பு, ஸ்ரீதரின் இயக்கத்தில் 1962 இல் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’.

வேணுவுக்குப் புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்யவேண்டியவர் வைத்தியர் முரளி. வேணுவின் மனைவி சீதாவோ முரளி முன்னர் காதலித்தவள். நோயாளி இறந்தால், நோய்தான் கொன்றது என்று உலகம் நம்புமா? சீதாவே நம்புவாளா? இந்த அச்சத்தில்தான் கடமை வெறியாகிறது. வேணுவைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்பதைத் தவிர முரளிக்கு வேறு நினைவில்லை. சிகிச்சை வெல்கிறது. வேணு பிழைக்கிறான். களைத்துச் சோர்ந்த முரளி உயிர் துறக்கிறார்.

இம்முடிவைத் தியாகம் என்றே இரசிகர்கள் போற்றினர். 1963 இல் ஸ்ரீதரே இதனை இந்தியிலும் எடுத்தார். ஆயினும் கதைக்குள் இன்னொரு நோயாளியும் இருக்கிறார். நாடி பார்க்கப்படாத அந்த நோயாளி வைத்தியரேதான். தியாகம் என்ற பெரிய சொல் அவருடைய மனத்தின் சிதைவை மறைத்துவிடுகிறது.

மருந்தும் ஆளணியும் போதாத போர்க்கால மருத்துவமனைகளைக் கண்ட வன்னி மக்களுக்கு இது வெறும் சினிமாக் கதையன்று. காப்பவர்களைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. அவர்கள் உறங்கினார்களா என்றும் கேட்கவேண்டும்.