உங்களுக்குத் தெரியுமா? பாட்டில் காரத்தில் இருக்கிறது சர்க்கரை!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இட்லிக்குக் கார சட்னியும் கிடைக்கும், நூடுல்ஸுக்குச் சில்லி சாஸும் கிடைக்கும். நாக்குக்கு இரண்டுமே காரம்தான். நீரிழிவுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. மிளகாயின் காரமான கேப்சைசின் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது; பல பாட்டில் சாஸ்களில் சேரும் சர்க்கரையும் சோளமாவும்தான் ஏற்றும். ஒரு மேசைக்கரண்டி தக்காளி கெச்சப்பில் சுமார் 4 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்! மிளகாய், பூண்டு, புளி, உப்பு வைத்து அம்மியில் அரைக்கும் சட்னிக்குச் சர்க்கரையே வேண்டாம். ஊறுகாயில் கவனிக்க வேண்டியது உப்பு, ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். சட்னி ருசியில் இரண்டு இட்லி கூடிவிட்டால் சர்க்கரையும் கூடும். சாஸ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பி, ‘ஆடட் சுகர்’ எத்தனை கிராம் என்று பாருங்கள்.