பனிமலை நாயும் அதனை வளர்ப்போர் கடமையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பது நம்மில் யாவரும் இளமைப் பருவத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். ஆயின் நாயினிடத்து மனிதன் நன்றியுள்ளவனாக நடந்துகொள்கின்றானா என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவிற்கு விடை காண ஸ்விட்ஸர்லாந்து தேசத்துச் செயின்ட் பெர்னார்டு நாயின் சரித்திரம் நமக்குப் பெரிதும் துணைசெய்யும். ஊதியத்தை நாடாது, விருப்பம் ஒன்றே காரணமாகப் பெரிய ஜாதி நாய்களை இனவிருத்தி செய்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது என்பதும் அச்சரித்திரத்தினின்றே விளங்கும்.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், ஸ்விட்ஸர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, கடல் மட்டத்திற்கு மேல் 2469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உளது. வழிப்போக்கர்க்குப் புகலிடமாக 11ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் ஆங்கு ஒரு சத்திரம் அமைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அச்சத்திரத்தில் காவலின்பொருட்டுப் பெரிய மலைநாய்கள் வளர்க்கப்பட்டன. 1695ஆம் ஆண்டுச் சித்திரமும், 1707ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பும் இதற்குச் சான்றாகும். காவலுக்கென வந்த நாய்கள் நாளடைவில், மூடுபனியில் வழி தவறியோரையும் பனிச்சரிவில் புதையுண்டோரையும் மோப்பத்தாற் கண்டறியும் தொழிலில் தேர்ச்சி பெற்றன. 1800ஆம் ஆண்டு பிறந்து 1814இல் இறந்த பாரி என்னும் நாய், நாற்பதின்மருக்கு மேற்பட்டோரின் உயிரைக் காத்தது என்பர். அதன் உடல் பதனம் செய்யப்பெற்று, பெர்ன் நகரத்துக் காட்சிச்சாலையில் இன்றும் வைக்கப்பட்டிருக்கின்றது.

அச்சத்திரத்தில் வேலைக்கு உதவாத உடலமைப்பிற்கு இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் இவ்வினத்திற்கு வலிமை சேர்க்கக் கருதி நியூபவுண்ட்லாந்து நாயோடு கலந்தபோது, நீண்ட மயிருடைய குட்டிகள் பிறந்தன. அவை காண்பதற்கு அழகியனவே. எனினும் அம்மயிரிற் பனிக்கட்டி படிந்து உறைந்து நாய்க்குப் பெரும் பாரமாயிற்று. ஆகவே குறுமயிர் நாய்களையே சத்திரத்தில் வைத்துக்கொண்டு, நெடுமயிர் நாய்களைப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குக் கொடுத்துவிட்டனர்.

பள்ளத்தாக்கில் இந்நாய்களை விரும்பி வளர்த்தோருள், பெர்ன் நகருக்கு அணித்தான ஹொல்லிகன் என்னும் ஊரினராகிய ஹைன்ரிஹ் ஷூமாகர் என்பவர், 1867ஆம் ஆண்டில் தம் நாய்கட்கு முதன்முதலாக வமிசப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். 1884இல் ஸ்விட்ஸர்லாந்து நாய்ப் பதிவேடு தொடங்கப்பட்டபோது, அதன் முதற் பதிவு லியோன் என்னும் செயின்ட் பெர்னார்டு நாயினதே. 1887இல் இவ்வினத்திற்குரிய இலக்கணம் வரையறுக்கப்பட்டது. பதிவேட்டால் விளைந்த நன்மை பெரிது. ஒரு நாயின் பெற்றோர் யாவை, அதன் உடன்பிறந்தவை எத்தகையன என்று அறிந்தாலன்றி, மறைந்து கிடக்கும் குறைகளைத் தவிர்த்தல் இயலாது. ஆயினும் பதிவேடு ஒரு கருவியே. அதனைக் கொண்டு எதனைத் தேடுகின்றோம் என்பது வளர்ப்போன் உள்ளத்தைப் பொறுத்தது.

நாய்க் கண்காட்சிகள் பெருகியபின் பலர் தேடியவை பருமனும் பெருந்தலையுமே. பாரியின் எடை 40 முதல் 45 கிலோகிராம் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். இக்காலத்து ஆண் நாயோ 65 முதல் 80 கிலோகிராம் வரை நிறுக்கின்றது. 1923இல் பாரியின் உடலைப் புதுப்பித்தபோது, அதன் தலையையும் அக்காலத்து நாய்களின் தலையைப்போல் மாற்றியமைத்தனர் என்பதைக் கேட்போர் வியப்படைவர். இறந்த நாயின் தலையை மாற்றியதால் அந்நாய்க்கு நோவொன்றுமில்லை. உயிருள்ள இனத்தின் உடலை மாற்றியதன் பயனையோ ஒவ்வொரு குட்டியும் சுமந்து பிறக்கின்றது.

அப்பயன் யாதென ஆராய்வோம். பிறக்கும்போது ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த குட்டி, இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு மனிதனுக்கு நிகரான எடையை அடைகின்றது. இத்துணை விரைந்த வளர்ச்சியில் இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் ஒன்றோடொன்று செவ்வனே பொருந்தாமற் போவதுண்டு. அதனால் மூட்டுத் தேய்ந்து, நாய் நடக்கவும் வருந்தும். இமை உட்புறம் மடிந்து கண்ணை உராய்தலும், இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்திற்குள் உயிர்க்கே இறுதி விளைத்தலும், எலும்பிற் புற்றுநோய் தோன்றுதலும் இத்தகைய பெருநாய்களிடத்து மிகுதி. சிறு நாய்கள் பல பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழ, இவை எட்டு முதல் பத்து ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன.

இனி வளர்ப்போர் கடமைகளைக் கூறுவாம். முதலாவது, பரிசோதனை. இடுப்பு மூட்டுக் குறை பல மரபுக் கூறுகளால் விளைவதாகலின், நன்றாய் ஓடியாடும் நாயும் அதனைத் தன் குட்டிகட்கு அளித்தல் கூடும். ஆதலால் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு நிரம்பியபின் எக்ஸ்ரே படம் எடுத்து, மிருக வைத்தியர் தக்கதென்று கூறிய பின்னரே இனவிருத்திக்கு விடுதல் வேண்டும். இருதயத்தையும் கண்ணையும் குணத்தையும் அவ்வாறே ஆராய வேண்டும். எண்பது கிலோகிராம் எடையுள்ள நாய் வெகுளியுடையதாயின், அதனை அடக்குவார் யார்?

இரண்டாவது, மிதம். பரிசு பெற்ற ஒரே ஆண் நாயை எல்லாரும் நாடினால், சில தலைமுறைகளில் இனம் முழுவதும் உறவாகிவிடும். அந்நாயிடம் மறைந்திருந்த குறையும் எங்கும் பரவும். ஒரு பெண் நாயை ஆண்டுதோறும் ஈனச் செய்தலும் கொடுமையே.

மூன்றாவது, போஷணை. குட்டி விரைவிற் பருக்க வேண்டுமென்று மிகுதியாக ஊட்டுவதும், சுண்ணாம்புச் சத்தை மேன்மேலும் சேர்ப்பதும் எலும்பைக் கெடுக்கும். இளங்குட்டியின் குடல் மிகையான சுண்ணாம்புச் சத்தை விலக்கும் ஆற்றல் பெறாமையே இதற்குக் காரணம். மெல்ல வளர்வதே நலம்.

நான்காவது, பொறுப்பு. எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்றும் பிரித்தல் ஆகாது. வாங்குவோர்க்கு இடமும் பொருளும் பொறுமையும் உளவோ என்று வினவி அறிதல் வேண்டும். இல்லையெனின், எத்துணை விலை தரினும் மறுத்தல் வேண்டும். கொடுத்த குட்டி வேண்டப்படாததாயின், எவ்வாண்டிலும் அதனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இவற்றையெல்லாம் செய்வோனுக்குப் பெரும்பாலும் இலாபம் எஞ்சாது. இலாபத்தையே கருதுவோன் இவற்றுள் ஏதேனும் ஒன்றை விடாது இருத்தல் அரிது.

பனிக்கென அமைந்த இவ்வுடலை நம் நாட்டு வெயிலுக்குக் கொணர்தலும் இங்குச் சிந்திக்கத்தக்கது. நாய் பெரும்பாலும் இளைத்து மூச்சு வாங்குவதனாலேயே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. தடித்த மயிரும் பருத்த உடலும் உடைய நாய்க்குச் சித்திரை மாதத்து நண்பகல் எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பெருமையின் பொருட்டு அதனை வாங்குவோர் இதனை முன்னரே எண்ணுதல் கடன்.

இக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனியிற் சிக்கியோரைத் தேடும் வேலையைச் சிறிய நாய்களும் ஹெலிகாப்டர்களுமே செய்கின்றன. சத்திரத்து நாய்களின் பராமரிப்பை 2005ஆம் ஆண்டில் மார்ட்டினி நகரில் ஏற்பட்ட பாரி அறநிலையம் ஏற்றுக்கொண்டது. கோடை காலத்தில் நாய்கள் சில இன்றும் கணவாய்க்குச் சென்று தங்குகின்றன. அவற்றின் தொழில் போயிற்று. ஆயினும் அவற்றினிடத்து நமக்குள்ள கடன் போகவில்லை. தன்னைப் படைக்குமாறு எந்தக் குட்டியும் நம்மைக் கேட்டதில்லை. ஆதலின் அதனைத் தோற்றுவிப்பவனே அதன் வாழ்நாள் முழுமைக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன். நோயற்ற உடலும், சாந்த குணமும், அன்புள்ள இல்லமும் அதற்கு வாய்க்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவனே அத்தொழிலில் இறங்குக. அவ்வாறு சொல்லமாட்டாதவன் இருக்கின்ற நாயொன்றை அன்புடன் வளர்ப்பானாக. அதுவும் நாய்க்கு நாம் காட்டும் நன்றியேயாம்.